வறட்சி இல்லாமலே வறட்சி நிவாரணம்

“அமெரிக்க விவசாயிக்கு என்ன குறை? ஒரு புயல் அடித்தால் போதும், அரசாங்கம் வீட்டுக்கே செக் அனுப்பிவிடும்” என்ற தொனியில் இந்த மாதம் நிறையக் கடிதங்கள். செக் போவது உண்மை. யாருக்கு, எப்போது, எந்தக் கணக்கில் போகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது. ஆகவே வேளாண் பகுதியின் கேள்வி-பதில் முழுவதும் இந்த முறை அதற்கே.

கேள்வி: ஒரு கவுன்டியைப் பேரிடர் பகுதியாக அறிவித்துவிட்டால் அங்குள்ள விவசாயிகள் எல்லோருக்கும் பணம் வந்துவிடும் என்கிறார்களே? (வாசகர், மன்னார்குடி)

பதில்: வராது. அந்த அறிவிப்பால் வருவது பெரும்பாலும் கடன்.

கவுன்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு, ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நாடு முழுவதும் 3,100-க்கு மேல் இருக்கின்றன. ஒரு கவுன்டியில் ஏதாவது ஒரு பயிரில் 30 சதவீத விளைச்சல் போய்விட்டால், வேளாண் துறைச் செயலாளர் அதைப் பேரிடர் கவுன்டி என்று அறிவிக்கலாம். அங்கே ‘செயலாளர்’ என்றால் நம் மத்திய அமைச்சருக்குச் சமமான பதவி. அறிவிப்பு வந்ததும் எல்லையை ஒட்டியிருக்கும் கவுன்டிகளும் தாமாகவே அதில் சேர்ந்துவிடும். வறட்சி என்றால் இன்னும் சுலபம். ஒரு பகுதி தொடர்ந்து 8 வாரம் ‘கடும் வறட்சி’ நிலையில் கிடந்தாலே போதும் என்று 2012-இல் விதியை மாற்றினார்கள். அந்த ஆண்டு மக்காச்சோளப் பகுதி முழுக்கக் காய்ந்து கிடந்தது. 2,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் பேரிடர் பட்டியலில் ஏறின.

பட்டியலில் ஏறிய கவுன்டியின் விவசாயிக்குக் கிடைப்பது, அதிகபட்சம் 5 லட்சம் டாலர் வரை அவசரக் கடன் கேட்கும் உரிமை. 8 மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். வேறு எங்கும் கடன் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஏற்கெனவே டிராக்டர் கடனும் நிலக் கடனும் கழுத்தைப் பிடிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். உள்ளூர் அரசியல்வாதிகள் மட்டும் ‘எங்கள் முயற்சியால் நமது கவுன்டி பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட்டது’ என்று அறிக்கை விடத் தவறுவதில்லை.

கேள்வி: அப்படியானால் திருப்பிக் கட்ட வேண்டாத பணம் எது? (வாசகர், பெருந்துறை)

பதில்: அது சில நிரந்தரத் திட்டங்கள் வழியாக வருகிறது. மாடு செத்தால் ஒன்று, மேய்ச்சல் காய்ந்தால் ஒன்று, பழமரம் விழுந்தால் ஒன்று, காப்பீடு இல்லாத காய்கறிப் பயிருக்கு ஒன்று. எல்லாவற்றையும் நடத்துவது வேளாண் துறையின் கீழ் வரும் பண்ணைச் சேவை முகமை. அதன் கிளை அலுவலகங்கள் பெரும்பாலான கிராமப்புறக் கவுன்டிகளில் இருக்கின்றன, மொத்தம் 2,100-க்கு மேல்.

இவற்றில் விசித்திரமானது மேய்ச்சல் திட்டம். ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் அமெரிக்க வறட்சி வரைபடம் வெளியாகிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து 1999 முதல் இதைத் தயாரிக்கின்றன. மஞ்சளில் தொடங்கி அடர் சிவப்பு வரை ஐந்து படிநிலைகள். மாடு வளர்ப்பவர் தன் நிலத்தில் புல் காய்ந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கவுன்டியின் ஏதாவது ஒரு மூலையில் உரிய நிறம் உரிய காலம் நின்றிருந்தால் போதும். 2014 பண்ணைச் சட்டப்படி கடும் வறட்சி 8 வாரம் நீடித்தால் ஒரு மாதத் தவணை. அதற்கடுத்த சிவப்பு ஒரே ஒரு வாரம் எட்டிப் பார்த்தாலும் மூன்று மாதத் தவணை. உச்ச நிலை நான்கு வாரம் நின்றால் ஐந்து. 2025-இல் அந்த 8 வாரத்தையும் 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். தொகை, மாட்டின் மாதத் தீவனச் செலவில் 60 சதவீதம்.

‘ஏதாவது ஒரு மூலை’ என்பதை லேசாக நினைக்க வேண்டாம். டெக்ஸாஸின் புரூஸ்டர் கவுன்டியின் பரப்பு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஆகப் பெரிய இரண்டு மாவட்டங்களைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அதன் தெற்கு முனையில் வரைபடம் சிவந்தால், வடக்கு முனையில் மழை பெய்து புல் முழங்கால் அளவு நிற்பவருக்கும் பணம் உண்டு. கவுன்டி எல்லைக்கு அப்பால் வேலி ஒட்டிய பக்கத்துப் பண்ணையில் புல்லே இல்லாவிட்டாலும், அவருடைய கவுன்டியில் நிறம் ஒரு படி குறைவாக இருந்தால் கையை விரிக்க வேண்டியதுதான். வானிலை ஆய்வுக்காக வரைந்த படம் கருவூலத்தின் சாவியாகிவிட்டதால், கோடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அது பணப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

கேள்வி: இப்படிக் கவுன்டிக்கு மொத்தமாகக் கொடுத்தால் பாதிக்கப்படாதவரும் வாங்கிவிட மாட்டாரா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: வாங்கியிருக்கிறார்கள். அதுவும் விண்வெளி ஓடம் வெடித்ததற்காக.

2002-இல் மேற்கு மாநிலங்களில் நல்ல வறட்சி. தீவனம் வாங்க முடியாமல் தவித்த மாட்டுக்காரர்களுக்காகக் ‘கால்நடை இழப்பீட்டுத் திட்டம்’ ஒன்றை புஷ் அரசு அவசரமாகக் கொண்டுவந்தது. கறி மாடு ஒன்றுக்கு 18 டாலர், கறவை மாட்டுக்கு 31 டாலர் 50 சென்ட். நட்டக் கணக்குக் காட்ட வேண்டாம், மாட்டை எண்ணிச் சொன்னால் போதும். முதலில் வறட்சிக் கவுன்டிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2003 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை விரித்தது: குறிப்பிட்ட காலத்துக்குள் எந்தக் காரணத்துக்காகவாவது பேரிடர் அறிவிப்பு வாங்கிய கவுன்டி என்றால் சரி.

அந்த ‘எந்தக் காரணத்துக்காகவாவது’தான் வினை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் தரையிறங்க வரும் வழியில் டெக்ஸாஸ் வானில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்த விபத்து அது. சிதறிய துண்டுகளைத் தேடிப் பொறுக்க வசதியாகக் கிழக்கு டெக்ஸாஸில் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மாட்டுக்காரர்கள் வறட்சிப் பணத்துக்குத் தகுதி பெற்றார்கள். அவர்களில் ஒருவருடைய மாடுகள் நின்ற இடத்துக்கும் மிக அருகில் விழுந்த துண்டுக்கும் இடையே பத்து மைல் தூரமாவது இருந்தது. அவரே ஆச்சரியப்பட்டாராம்.

2006-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அரசுப் பதிவேடுகளைக் கணினியில் போட்டு அலசியபோது மற்றவையும் வெளியே வந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு கவுன்டியில், மாடுகளுக்கு ஒரு சேதமும் செய்யாத நிலநடுக்கத்துக்காக 16 லட்சம் டாலர். வடக்கு டெக்ஸாஸில், திட்டம் பிறப்பதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் வந்துபோன பனிக்கட்டிப் புயலுக்காக ஏறத்தாழ 10 லட்சம் டாலர். இரண்டு ஆண்டுகளில் மொத்தச் செலவு 120 கோடி டாலர், அதில் 63.5 கோடி, மிதமான வறட்சியோ வறட்சியே இல்லாத நிலையோ இருந்த பகுதிகளுக்குப் போயிருந்தது.

இதில் வாங்கியவர்களைத் திட்டிப் பயனில்லை. யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை, மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. விதியே அப்படி எழுதப்பட்டிருந்தது. தங்கள் தொகுதியும் பட்டியலில் வர வேண்டும் என்று ஒவ்வொரு உறுப்பினரும் இழுத்தால், கடைசியில் சட்டத்தில் மிஞ்சுவது இந்த மாதிரி ஒரு வாசகம்தான்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொருவரும் நட்டத்தை நிரூபிக்கட்டும் என்று வைத்துவிடலாமே? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: வைத்திருக்கிறார்கள். கால்நடை உயிரிழப்புத் திட்டம் அப்படித்தான் நடக்கிறது. செத்த மாட்டின் சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். ஆனால் வழக்கமாகவே ஓர் ஆண்டில் இத்தனை சதவீத மாடுகள் சாகும் என்று ஒரு கணக்கு உண்டு, அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பணம். எத்தனை மாடு இருந்தது, எத்தனை செத்தது, எதனால் செத்தது என்ற மூன்றுக்கும் சான்று வேண்டும்.

இது எப்படிப்பட்ட வேலை என்று தெரிய 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் என்பது அங்கே மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில் இருக்கும் சமயம். குளிர்கால ரோமம் வளரவில்லை. முதலில் மழை பெய்து தோல் வரை நனைத்தது. அதன் மேல் பனி, சில இடங்களில் நான்கடி உயரத்துக்கு. கூடவே சூறைக்காற்று. மாடு புயலுக்கு முதுகைக் காட்டி, காற்று தள்ளும் திசையிலேயே நடந்துகொண்டிருக்கும். பனி மேடிட்டு வேலிகள் மறைந்துபோனதால் அவை வேலிக்கு மேலேயே நடந்து, மைல் கணக்கில் போய், பள்ளங்களிலும் ஓடைகளிலும் குவியல் குவியலாக விழுந்து செத்தன. பல்லாயிரம் மாடுகள். பனி கரைந்ததும் உரிமையாளர்கள் காது வில்லையையும் சூட்டுக் குறியையும் பார்த்து, ‘இது உன்னுடையது, இது அவனுடையது’ என்று ஊர் ஊராகப் பிரித்து எண்ணினார்கள்.

எண்ணியதை எங்கே போய்ச் சொல்வது? உயிரிழப்புத் திட்டம் 2011 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு காலாவதியாகியிருந்தது. புதிய பண்ணைச் சட்டம் காங்கிரஸில் சிக்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு, புயலுக்கு மூன்று நாள் முன்னால்தான் பட்ஜெட் சண்டையில் மத்திய அரசே கதவை மூடியிருந்தது. கவுன்டி அலுவலகங்களில் பூட்டு தொங்கியது. ‘போட்டோ எடுத்து வையுங்கள், கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், பிணம் அள்ளும் லாரிக்காரரின் ரசீதைத் தொலைக்காதீர்கள்’ என்று விவசாய அமைப்புகள் சொன்ன ஆலோசனை ஒன்றே அவர்களிடம் இருந்தது. அக்கம்பக்கத்து மாநிலக்காரர்கள் கிடாரிகளை லாரியில் ஏற்றித் தானமாக அனுப்பினார்கள். அரசு உதவிக்கு முன்னால் வந்து சேர்ந்தது அதுதான்.

2014 பிப்ரவரி 7-இல் சட்டம் கையெழுத்தானது. திட்டம் முன்தேதியிட்டு நிரந்தரமாக்கப்பட்டது, மனு வாங்குவது ஏப்ரல் 15-இல் தொடங்கியது. போட்டோவையும் ரசீதையும் பத்திரப்படுத்தியவர்கள் வாங்கினார்கள். வீட்டுக் கணக்கை மனசிலேயே வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: காட்டுத்தீயில் வேலி எரிந்துபோனால் அதற்கும் உண்டா? (வாசகர், தேனி)

பதில்: உண்டு. 2024 பிப்ரவரி 26-இல் டெக்ஸாஸின் வடமுனையில் ஹட்சின்சன் கவுன்டியில் பிடித்த ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரியது. ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. பிழைத்த மாட்டை நிறுத்தி வைக்க வேலி இல்லை. மரக் கம்பங்கள் சாம்பல். கம்பி நிற்பது போலத் தெரியும், ஆனால் சூட்டில் துத்தநாகப் பூச்சு போய் முறுக்கேறாமல் ஒடியும். அவசரகாலப் பாதுகாப்புத் திட்டத்தில் புது வேலிச் செலவில் 75 சதவீதம் வரை கிடைக்கும். 2018 பண்ணைச் சட்டத்துக்குப் பின் 25 சதவீதம் முன்பணமும் கேட்கலாம். ஒரு கண்ணி இருக்கிறது: பொதுவாக அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்வதற்கு முன் வேலையை ஆரம்பிக்கக் கூடாது. மாடோ சாலையில் நிற்கும்.

கேள்வி: அங்கே எல்லோரும் பயிர்க் காப்பீடு எடுத்திருப்பார்களே, பிறகு எதற்குத் தனி நிவாரணம்? (வாசகர், தர்மபுரி)

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மத்திய பயிர்க் காப்பீடு 1938 முதல் இருக்கிறது. இன்று பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. இவ்வளவு செலவழிப்பதே, ஒவ்வொரு புயலுக்கும் தனிச் சட்டம் போட்டுப் பணம் கொடுக்கும் பழக்கத்தை ஒழிக்கத்தான் என்று 1980-இலும் சொன்னார்கள், 1994-இலும் சொன்னார்கள். பழக்கம் ஒழியவில்லை.

2017 சூறாவளிகளுக்கும் தீக்கும் ஒரு தனி நிதி, 2018, 2019-க்கு இன்னொன்று, 2020, 2021-க்கு 1,000 கோடி டாலர், 2023, 2024-க்கு 2,000 கோடி டாலருக்கு மேல். பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. காப்பீடே எடுக்காதவருக்கும் இவற்றில் பங்கு உண்டு. கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகள் கண்டிப்பாகக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். ‘எப்படியும் வாஷிங்டன் கொடுக்கும்’ என்ற நினைப்பு வேர்விட்டால் யார்தான் ஒழுங்காகப் பிரீமியம் கட்டுவார்கள் என்று பொருளியலாளர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தத் தனி நிதிகளின் பெரிய குறை அதுவல்ல, தாமதம். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவில் ‘டெரெச்சோ’ என்னும் நேர்கோட்டுச் சூறைக்காற்று மக்காச்சோள வயல்களைப் பாய் விரித்தது போலச் சாய்த்துவிட்டுப் போனது. தானியக் குதிர்கள் நசுங்கிய தகர டப்பாவாகக் கிடந்தன. அதற்குமான நிதிச் சட்டம் 2021 செப்டம்பர் கடைசியில் வந்தது. விவசாயிகளுக்கு மனுப் படிவம் தபாலில் போகத் தொடங்கியது 2022 மே மாதத்தில். 2023-இல் பயிர் இழந்தவர்கள் நிலை இன்னும் மோசம்: 2024 டிசம்பரில் சட்டம், 2025 ஜூலை 10 முதல் மனு, அதுவும் கணக்குப் போட்டு வந்த தொகையில் 35 சதவீதம் மட்டும் முதலில். நடுவில் இரண்டு முறை விதைப்புக் கடன் புதுப்பிக்க வங்கிக்குப் போய் நின்றிருப்பார் அந்த விவசாயி. வரப்போகும் நிவாரணத்தை வங்கிக்காரர் வரவில் வைக்க மாட்டார். அதற்குள் நிலத்தை விற்றுவிட்டு ஒதுங்கியவருக்குக் கடைசியில் செக் வந்தாலும், அது பழைய கடனைத் தீர்க்கத்தான் உதவும்.

துல்லியமில்லாமல் உடனே கொடுப்பதா, துல்லியமாகத் தாமதித்துக் கொடுப்பதா என்று விவாதிக்கலாம். தாமதமாகவும் கொடுத்து, துல்லியமும் இல்லாமல் கொடுப்பதற்கு யாரும் வாதாட முடியாது. தனி நிதிகள் பலமுறை அந்த மூன்றாவது ரகத்தில்தான் விழுகின்றன.

கேள்வி: நம் 33 சதவீத விதியோடு ஒப்பிட்டால் எது தேவலை? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: ஒப்பிடுவது கடினம், இரண்டும் வேறு வேறு சரக்கு. நம் மாநிலப் பேரிடர் நிதியின் 2022-26 நெறிமுறையில், 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். பெயரே இடுபொருள் மானியம்தான். விதையும் உரமும் மறுபடி வாங்க ஒரு கைச்செலவு. விளைச்சலின் விலையை ஈடுகட்டுவதாக அது சொல்லிக்கொள்ளவே இல்லை. அமெரிக்கத் திட்டங்கள் அப்படிச் சொல்லிக்கொள்கின்றன, அதனால்தான் காகிதமும் அத்தனை.

கேள்வி: மனுவைச் சரிபார்ப்பது யார்? நம் வி.ஏ.ஓ. மாதிரி ஒருவரா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: அலுவலக ஊழியர்களோடு ஒரு குழுவும் இருக்கிறது. கவுன்டி விவசாயிகளே தபால் வாக்கில் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் விவசாயிகள். 1930-களில், ரூஸ்வெல்ட் காலத்துப் பண்ணைத் திட்டங்களோடு வந்த ஏற்பாடு. எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது, யார் உண்மையில் எத்தனை மாடு வைத்திருந்தார் என்று ஊர்க்காரருக்குத் தெரியும் என்பது இதன் பலம். யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பதும் அவருக்குத் தெரியும் என்பது பலவீனம். தென் மாநிலங்களில் இந்தக் குழுக்கள் பல பத்தாண்டுகள் வெள்ளையர் கையிலேயே இருந்தன. கடனிலும் உதவித் திட்டங்களிலும் பாரபட்சம் காட்டினார்கள் என்று கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்தது. அரசு கொடுத்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது.

கேள்வி: குத்தகைக்கு உழுபவருக்குக் கிடைக்குமா, நிலக்காரருக்கா? (வாசகர், வலங்கைமான்)

பதில்: பயிர் நட்டத்தைச் சுமப்பவர் யாரோ அவருக்கு. ரொக்கக் குத்தகை என்றால் உழுபவருக்கே முழுவதும். நிலக்காரருக்கு வாடகை வந்துவிடுவதால் அவர் பங்கு பூஜ்யம். வாரச் சாகுபடி என்றால் வாரத்தின் விகிதப்படி இருவருக்கும். இதற்குக் கவுன்டி அலுவலகத்தில் அந்த நிலத்துக்கு ஒரு பண்ணை எண் இருக்க வேண்டும். தாத்தா உயில் எழுதாமல் போய், பேரன்கள் பத்துப் பேருக்குப் பொதுவாகக் கிடக்கும் நிலம் என்றால் அந்த எண் கிடைப்பதே பெரும்பாடு. தென் மாநிலக் கறுப்பினக் குடும்பங்களின் நிலம் கணிசமாக இப்படிச் சிக்கியிருக்கிறது. பட்டா பெயர் மாறாமல் கிடக்கும் நிலத்தை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 பண்ணைச் சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தி, சாகுபடி செய்பவர் வேறு ஆவணங்களைக் காட்டியும் எண் வாங்கலாம் என்றது. ரொக்கக் குத்தகைக்காரருக்குப் பணம் நேராகவே வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நிலக்காரர் குத்தகையைக் கூட்டிக் கேட்டால், அதில் தலையிட எந்த நிவாரணத் திட்டத்திலும் விதி இல்லை.